இணையத்தளம் வகுக்கும் முறை

இணையத்தளம் அமைப்பது எப்படி என்று உயர்தர வகுப்பு மாணவர் சிலர் எம்மை வினவினர். தமிழாசிரியரிடம் வினவத்தக்க வினாவோ இஃது எனச் சிலர் நகைத்தல் கூடும். எமக்கோ இது தமிழாசிரியர்க்கே உரிய வினாவாகத் தோன்றிற்று. இந்நாளில் வேர்ட்பிரெஸ் முதலிய மென்பொருள்கள் உளவாதலின், நிரல் எழுத அறியாதாரும் ஒரு பிற்பகற் பொழுதிலே தளமொன்றைத் திறந்துவிடலாம். திறத்தல் எளிது. எதனை எங்கே வைப்பது, எப்பெயரால் வழங்குவது, பின்வருவார் கையில் எவ்வாறு ஒப்புவிப்பது என்பனவே அரியன. இவை நூல் யாத்தோர் நெடுங்காலமாக ஆராய்ந்து போந்தவை.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலுக்கு முன்னே பாயிரம் வேண்டும் என்றார். செய்தவர் யார், நூலின் பெயர் யாது, அது நுவலும் பொருள் யாது, யார் கேட்டற்குரியது, கேட்டார் எய்தும் பயன் யாது என்பனவற்றைப் படிப்போன் வாயிலிலேயே அறிதல் வேண்டும் என்பது கருத்து. தளத்தின் முகப்புப் பக்கம் பாயிரமேயாம். நம்மவர் அமைக்கும் முகப்புக்கள் பலவற்றில் 'எமது இணையத்தளத்திற்கு நல்வரவு' என்னும் பெரிய எழுத்தும், தாமே மாறிமாறி ஓடும் படங்களும் இருக்கும். கடை எவ்வூரில் உளது, எந்நேரம் திறந்திருக்கும், தொலைபேசி இலக்கம் யாது என்பன மட்டும் இரா. வந்தவன் அரை நிமிடம் நின்று திரும்பிப் போவான்.

வடமராட்சியிற் பனம்பண்டம் விற்கும் எம் பழைய மாணவர் ஒருவர் தாம் அமைத்த தளத்தைக் கொணர்ந்து காட்டினார். மேற்பட்டியிலே 'எமது உற்பத்திகள்', 'விற்பனைப் பொருள்கள்', 'சிறப்புப் பண்டங்கள்', 'புதியன' என நான்கு தலைப்புக்கள் இருந்தன. புழுக்கொடியல் எங்கே உளது என்று வினவினோம். அவரே இரண்டைத் திறந்து பார்த்து மூன்றாவதிற் கண்டார். நான்கும் ஒன்றையொன்று தழுவி நின்றமையே காரணம். ஒன்றில் அடங்கியது மற்றொன்றில் அடங்காதவாறு பிரித்தலே வகுத்தலாகும். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என 3 அதிகாரங்களாய், ஒவ்வொன்றும் 9 இயல்களாய் நிற்றலின், வேற்றுமையுருபைத் தேடுவான் பொருளதிகாரத்தைப் புரட்டான்.

ஆகவே மாணாக்கர் நால்வரை அழைத்து, அக்கடைப் பண்டங்களின் பெயர்களைச் சிறு தாள்களில் எழுதி மேசைமேற் பரப்பி, வகைசெய்யுமாறு பணித்தோம். கணினியைத் தொட விட்டிலோம். பனங்கட்டி, பனாட்டு, புழுக்கொடியல், ஒடியல் மா என்பன ஒருபுறம் சேர்ந்தன. கடகம், சுளகு, பாய், நீத்துப்பெட்டி என்பன மற்றொருபுறம் சேர்ந்தன. உண்பன, புழங்குவன என்னும் இரண்டில் யாவும் அடங்கிவிட்டன என்று மகிழ்ந்திருந்தபொழுது, குட்டானில் இட்ட பனங்கட்டி எஞ்சிக் கிடந்தது. குட்டான் ஓலையால் இழைத்தது, உள்ளிருப்பதோ உண்பது. அரைமணி நேரம் வழக்காடினர். வாங்குவோன் அதனை எதற்காக வாங்குகின்றான் என ஒருவன் கேட்ட பின்னரே வழக்குத் தீர்ந்தது. உண்பனவற்றில் வைத்தனர்.

ஆயினும் அன்பளிப்பாகக் கொடுக்க ஓலைவேலைப் பொருள் தேடி வருவோனும் உளன் அல்லனோ? அவனுக்கும் வழி உண்டு. இம்மென்பொருள்களில் 'வகை' என்றும் 'குறிச்சொல்' என்றும் இரண்டு உள. வகை நூலின் முன்னுள்ள பொருளடக்கம் போல்வது. சிலவாய் இருத்தல் வேண்டும். குறிச்சொல் நூலின் பின்னுள்ள சொல்லடைவு போல்வது. ஒரு பொருளுக்குப் பல இருத்தலும் ஆம். குட்டான் பனங்கட்டி உண்பன என்னும் வகையில் நின்றுகொண்டே, 'ஓலைவேலை', 'அன்பளிப்பு' என்னும் குறிச்சொற்களாலும் அகப்படும். இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாது, சொல்லடைவு முழுவதையும் பொருளடக்கத்தில் ஏற்றிவைத்த தளங்களே மிகப் பல.

அவ்வாறே 'பக்கம்' வேறு, 'பதிவு' வேறு. பதிவு நாள் குறித்து வருவது. புதியது வர வரப் பழையது கீழிறங்கும். பக்கம் இருந்தவிடத்தே இருப்பது. நம் வணிகர் விலைப்பட்டியலைப் பதிவாக இட்டிருந்தார். பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் மேலேறி அமரப் பட்டியல் அடியில் ஆழ்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, தாளில் எழுதியதைப் படம்பிடித்து இட்டிருந்தார். படத்தில் உள்ள எழுத்தைத் தேடுபொறி எழுத்தாகக் கொள்ளும் என்று நம்பியிருத்தல் தகாது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைத் துணைக்கொண்ட கட்புலன் இழந்தார்க்கு அது வெறும் படமே. கைத்தொலைபேசியில் எடுத்த படம் 4 மெகாபைற்று அளவும் இருக்கும். அகலத்தை 1200 படப்புள்ளியாகக் குறைத்தால் 300 கிலோபைற்றுக்குள் அடக்கலாம். காண்போன் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது, அவன் செலவிடும் தரவோ பெரிதும் குறையும்.

பெயர் பற்றியும் சில கூறல் வேண்டும். நாம் பனங்கட்டி என்பதைத் தமிழகத்தார் கருப்பட்டி என்பர். கருப்பட்டி என்று தேடுவோன் பனங்கட்டி மட்டும் எழுதிய பக்கத்தை எய்துவது அரிது. தலைப்பிலே நம் வழக்கையும், முதற் பத்தியிலே அவர் வழக்கையும் வைத்தல் நன்று. நம் சொல்லை விட்டுவிடல் வேண்டும் என்று யாம் கூறவில்லை. அதற்கு உடன்படவும் மாட்டோம்.

இனி ஒவ்வொரு பக்கத்திற்கும் உரிய முகவரி. உலகளாவிய வலையைத் தோற்றுவித்த ரிம் பேர்னேர்ஸ் லீ, நல்ல முகவரி மாறாது என்பதை வற்புறுத்தி 1998ஆம் ஆண்டிலே கட்டுரை எழுதினார். முகவரியை மாற்றினால், பிறர் தம் எழுத்திற் கொடுத்த இணைப்புக்கள் யாவும் அறுபடும். மாற்றியே தீரவேண்டுமாயின், பழைய முகவரிக்கு வருவோனைப் புதியதற்குச் செலுத்தும் நிலையான வழிமாற்றை அமைத்தல் கடன். தமிழெழுத்தில் முகவரி அமைப்பார் ஒன்றை அறிதல் நலம். ஒருங்குறியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்று இடங்கொள்ளும். முகவரியைப் படியெடுக்கும்போது அது பெரும்பாலும் 9 குறிகளாக விரியும். 'பனங்கட்டி' என்பதில் புள்ளியும் விசிறியும் உட்பட 9 குறியீடுகள் உளவாதலின், அவ்வொரு சொல்லே 81 குறிகளாய் நீண்டு, கடிதத்தில் ஒட்டும்போது அச்சந்தரும் தோற்றம் எய்தும். ஆதலின் முகவரி தமிழாயின் ஒரு சொல்லோ இரு சொல்லோ போதும். தளப்பெயரின் ஈற்றிலும் தமிழ் வைக்கலாம், '.இலங்கை' என்னும் ஈறு 2010ஆம் ஆண்டிற் கிடைத்தது.

நிற்க. யாம் இதனை வற்புறுத்தி எழுதுதற்கு வேறொரு காரணம் உண்டு; அதனை மறைத்தல் முறையன்று. 2007ஆம் ஆண்டில், இளம் ஆசிரியராய் இருந்த காலத்தில், மாணாக்கரோடு சேர்ந்து பழைய மாணவர்க்கென ஒரு தளம் அமைத்தோம். முதியோர் மூவர் தம் பள்ளிக்கால நினைவுகளைக் கைப்பட எழுதித் தந்தனர். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து ஏற்றினோம். ஏற்றிய பின் கைப்படிகளைப் பேணினோமல்லோம். தளப்பெயரை வெளிநாட்டில் வாழ்ந்த அன்பர் ஒருவர் தம் பணத்தில், தம் பெயரிற் பதிந்து உதவினார். சில ஆண்டுகளின் பின் அவர் மின்னஞ்சல் முகவரியை மாற்றிக்கொண்டார். புதுப்பிக்குமாறு வந்த அறிவித்தல்கள் எவரும் திறவாத பெட்டியிற் சென்று விழுந்தன. பெயர் காலாவதியாயிற்று. பிறரொருவர் அதனை வாங்கிக்கொண்டார். அன்பர்மீது குறையில்லை; தவணைநாள் யாது என ஒருமுறையேனும் கேளாத எம்மீதே குறை.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று வகுப்பில் வருந்திக் கூறும் யாமே, ஆண்டுக் கட்டணத்தை மறந்தமையால் மூவரின் நினைவுகளை இழந்து நின்றோம். அவருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

இணைய ஆவணகம் என்னும் அமெரிக்க நிறுவனம் 1996 முதல் உலகத் தளங்களைப் படியெடுத்துச் சேமித்து வருகின்றது. அதிலே தேடினோம். முகப்பும் ஒரு கட்டுரையும் மட்டும் அகப்பட்டன. அக்கட்டுரையும் தமிழாய் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பர். அகரத்தின் இடத்தில் உண்மையிற் சேமிக்கப்பட்டது ஆங்கில 'எம்' எழுத்தே. எழுத்துரு நீங்கியதும் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் எஞ்சின. மாற்றியைக் கொண்டு ஒருங்குறியாக்கி, இரு மாலைப் பொழுதில் பிழை திருத்தினோம். ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தது. யாம் 16 ஆண்டுகளின் பின்னும் அதனைக் கைக்கொள்ளாது இருந்தோம்.

எனவே தளப்பெயரைச் சங்கத்தின் பெயரிலும், செயலாளர் மாறினும் மாறாத மின்னஞ்சலிலும் பதிதல் வேண்டும். டொட் கொம் போன்ற பெயர்களை ஒரேமுறையில் 10 ஆண்டு வரைக்கும் பதியலாம். தவறவிட்டாலும் உடனே போய்விடுவதில்லை; பதிவாளர் நீக்கிய பின் 30 நாள் மீட்புக் காலமும் அதன்மேல் 5 நாளும் உண்டு. அதன்பின் எவரும் பதிந்துகொள்ளலாம். கடவுச்சொல் இருவரிடத்தேனும் இருத்தல் நலம். தளத்தின் முழுப்படியைத் திங்கள்தோறும் இறக்கி வேறோர் இடத்தில் வைத்தலும், ஆண்டுக்கொருமுறை அப்படி திறக்கின்றதா எனப் பார்த்தலும் வேண்டும். திறவாத படியை வைத்துக்கொண்டு மனநிறைவு அடைந்திருந்தாரையும் யாம் அறிவோம்.

முகநூலில் ஒரு பக்கம் போதாதோ என்பார்க்கு ஒரு சொல். ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளச் சேவையில் எண்ணற்றோர் பக்கம் அமைத்திருந்தனர். அதனை 1999இல் வாங்கிய யாகூ நிறுவனம், ஜப்பான் நீங்கலாக, 2009இல் மூடிற்று. பிறர் காணியிற் கட்டிய கொட்டிலில் வியாபாரம் செய்யலாம், கிணறு வெட்டலாகாது. முகநூலில் அறிவித்தலை இடுக. கட்டுரையைத் தம் தளத்தில் வைக்க.

பனம்பண்டக் கடையின் தளம் இப்பொழுது 7 பக்கங்களும் 2 வகைகளும் உடையதாய் நடைபெறுகின்றது. பதிவின் தவணைநாளைக் கடையின் கொப்பியில், கடன்காரர் பட்டியலுக்கு மேலே எழுதிவைத்திருக்கின்றார்.

கிடையாமற் போன இரு நினைவுக் கட்டுரைகளையும் அந்நாளிலே பழைய மாணவர் சிலர் தாளில் அச்செடுத்துச் சென்றதாய் நினைவு. எவர் வீட்டுப் பெட்டியிலேனும் அவை கிடப்பின், கல்லூரி நூலகத்திற் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றோம். மூலத்தைப் படியெடுத்தபின் திருப்பித் தருவோம்.