நீரிழிவும் சிறுநீரகமும்: காவலே கேடாகும் நிலை

நீரிழிவினால் சிறுநீரகம் பழுதடைவதற்கு இரத்தத்தில் மிகும் சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமுமே காரணங்கள் என நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்து தவறன்று, ஆனால் முழுமையானதன்று. கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கும் நோய் எதிர்ப்பு அமைப்புக்கும் இக்கேட்டில் பங்குண்டு என்பது அண்மைப் பத்தாண்டுகளில் தெளிவாகியுள்ளது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிப்பான்கள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. மிகுதியான சர்க்கரையும் அழுத்தமும் இவ்வடிப்பான்களின் உயிரணுக்களை ஊறுபடுத்துகின்றன. ஊறுபட்ட உயிரணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிட்டு, இரத்தத்தில் உலவும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. அவ்வாறு வந்து சேர்பவற்றுள் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் முக்கியமானவை. சாதாரணக் காயமாயின், வேலை முடிந்ததும் இவை ஓய்ந்துவிடும். இங்கோ காயத்தை விளைவிக்கும் சர்க்கரை நாள்தோறும் நீடிப்பதால் அழற்சியும் ஓய்வதில்லை. கிருமி ஏதும் இல்லாமலேயே போர் நடைபெறுகிறது எனலாம். நாளடைவில் மென்திசு நார்த்திசுவாகித் தடிக்கிறது. தழும்பேறிய வடிப்பான் மீண்டும் இயங்குவதில்லை.

அழற்சியே காரணமாயின் அதனை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளைத் தரலாமே என்ற வினா எழலாம். அவை சர்க்கரையை உயர்த்தும், தொற்றுக்கும் வழிவிடும். ஆகவே வேறு மருந்துகளே கைகொடுத்துள்ளன. 2001-இல் லோசார்ட்டான், 2019-இல் கானாகிளிஃப்ளோசின், 2020-இல் ஃபினரினோன் ஆகியவை சிறுநீரகச் சிதைவைத் தாமதப்படுத்துவது பெரிய ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்டது. கடைசியாகக் கூறப்பட்டது அழற்சியையும் நார்த்திசு வளர்ச்சியையும் தணிப்பதாகக் கருதப்படுகிறது. எனினும் இவற்றுள் எதுவும் ஏறிய தழும்பை அகற்றுவதில்லை. காலத்தே கண்டறிதல் இன்றியமையாததாவது இதனால்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. வறியோர்க்கு இலவச இரத்தச் சுத்திகரிப்பு அளிக்கும் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிடினும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் சென்று வரும் செலவு குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. திட்டக் கணக்குகளில் இது இடம்பெறுவதில்லை. பெரும்பாலான நோயாளிகளிடம் சிறுநீரகம் செயலிழப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. சிலரிடம் கசிவு தோன்றாமலும் பழுது வளர்வதுண்டு. ஆதலின் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை செய்யத்தக்க இவ்விரு சோதனைகளுக்கும் ஆகும் செலவு, ஒரு நோயாளியின் சில வார டயாலிசிஸ் செலவுக்கும் ஈடாகாது.