கேட் பாஸ் இல்லாத கலைக்கூடம்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் தொழில் நடத்துகிறோம். அப்பா நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த ஓவியங்கள், ஐம்பொன் சிலைகள், பழைய நாணயங்களை வைத்துப் பொதுமக்கள் வந்து பார்க்கும்படி சிறிய கலைக்கூடம் தொடங்கப் போகிறோம். ஒரு ஏஜென்சி 6 செக்யூரிட்டி, 32 கேமரா என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. இது போதுமா?

கேமரா அதிகம். மற்றதெல்லாம் குறைவு.

முதலில் ஆள் கணக்கு. ஒரு இடத்தில் இரவு பகலாக ஒருவர் நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்ப்பார் என்றால் அந்த ஒரு இடத்துக்கே மூன்றரை ஆள் ஆகிவிடும். விடுப்பு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்த்தால் நாலுக்கு மேல். ஆக உங்கள் 6 பேர் என்பது வாசலில் ஒருவர், உள்ளே அரை ஆள். மீதியை எப்படிச் சரிக்கட்டுவார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ‘டபுள் டூட்டி’தான். பகல் முழுக்க ஒரு கம்பெனி கேட்டில் நின்றுவிட்டு, அதே சட்டையோடு இரவு உங்கள் கலைக்கூடத்துக்கு வருவார். அவர் தூங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

அப்படி ஒரு இரவு எப்படிப் போனது என்பதை ரோந்துப் பதிவேடே சொல்லிவிடும். 12 மணிக்கு ஒரு கையெழுத்து, 2 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று. மூன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்ற வாக்கியம்கூட வரிக்கு வரி ஒரே இடத்தில் முடியும். ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதியது. கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன், அந்த ஏஜென்சி இப்போது காவல் காக்கும் ஏதாவது ஒரு இடத்துக்குப் போய் இந்தப் பதிவேட்டின் பத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அவர்கள் தரும் வண்ணப் புத்தகத்தைவிட அது அதிகம் சொல்லும்.

ஓசூர்க்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கைக்கடிகாரமும் தங்க நகையும் செய்கிற ஊர் இது. ஒரு மோட்டார் ரிப்பேருக்கு வெளியே போனாலும் ரிட்டர்னபிள் கேட் பாஸ் போட்டு, எப்போது திரும்பி வரும் என்று தேதி எழுதி, தேதி தாண்டினால் ஸ்டோர்ஸில் இருந்து போன் வருகிற ஒழுங்கு உங்களுக்குப் பழக்கம். ஆனால் அதே முதலாளி கலைக்கூடம் தொடங்கும்போது மட்டும் கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற காவலைப் போட்டுவிடுகிறார். உள்ளே வருகிறவரைப் பார்த்துச் சல்யூட் அடிக்க ஆள் இருக்கும். வெளியே போகிற பையைப் பார்க்க ஆள் இருக்காது. உங்கள் ஆலையின் கேட் முறையை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து கலைக்கூடத்தில் வையுங்கள். சுத்தம் செய்யப் போகிற சிலையோ, சட்டம் மாற்றப் போகிற ஓவியமோ, போட்டோ எடுக்கப் போகிற நாணயமோ எதுவானாலும் கேட் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது, உங்கள் அப்பாவே எடுத்துப் போனாலும்.

சுவர் ஏறிக் குதிக்கிற திருடனை நினைத்தே பாதுகாப்புத் திட்டம் போடுகிறோம். பெயர்போன அருங்காட்சியகத் திருட்டுகளில் பலவற்றில் ஆள் வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறான், அதுவும் நாமே கதவைத் திறந்துவிட்டு. 1911 ஆகஸ்டில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசாவை எடுத்துப் போன வின்சென்சோ பெருஜா அங்கே முன்பு கண்ணாடி வேலை பார்த்தவர். எடுத்தது ஒரு திங்கட்கிழமை, விடுமுறை நாள், வேலையாட்கள் போடும் அங்கியோடு. 1990 மார்ச் 18 அதிகாலை பாஸ்டனின் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்கு வந்த இருவர் போலீஸ் உடுப்பில் இருந்தார்கள். ‘புகார் வந்திருக்கிறது, திறவுங்கள்’ என்றதும் இரவுக் காவலர் விதியை மீறிக் கதவைத் திறந்தார். அபாயப் பொத்தான் இருந்த மேசையை விட்டு அவரைத் தள்ளி வரச் சொன்னார்கள், அவரும் வந்தார். 81 நிமிடம் உள்ளே இருந்து 13 கலைப்பொருள்களோடு போனார்கள். இன்றுவரை ஒன்றும் திரும்பவில்லை. 2025 அக்டோபர் 19 அன்று மறுபடியும் லூவரில், இம்முறை வாசலை விட்டுவிட்டு, தெருவில் சாமான் ஏற்றும் ஏணி லாரியை நிறுத்தி, கட்டட வேலைக்காரர்கள் போடும் பளிச் நிற மேல்சட்டையோடு பட்டப்பகலில் ஏறி அரச நகைகளை அள்ளிப் போனார்கள். அந்த மஞ்சள் மேல்சட்டை ஓசூர்ச் சந்தையிலும் கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஏணியோடு வருகிறவரை, ‘யார் அனுப்பினார்கள், வேலை ஆணை எங்கே’ என்று கேட்கும் தைரியம் உங்கள் வாசலில் நிற்பவருக்கு இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்தால்தான் அது இருக்கும். கேட்டதற்காக அவரைத் திட்டாத முதலாளி என்று பெயர் வாங்குங்கள்.

இரவில் யாருக்கும் கதவு திறப்பதில்லை என்பதை முதல் விதியாக எழுதி ஒட்டுங்கள். போலீஸ் என்று சொன்னால், சுவரில் எழுதியிருக்கும் நிலைய எண்ணுக்குக் காவலரே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்தவர் நீட்டும் போனில் பேசக்கூடாது. விதிகள் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. இந்தப் பக்கம் காவல் வேலைக்கு வருகிறவர்களில் கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா, அசாமியம் பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. படிக்கத் தெரியாத மொழியில் ஒட்டிய விதி வெறும் சுவரொட்டிதான்.

ஆள் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏஜென்சிக்கு ‘பசாரா’ லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவலர் இந்தியக் குடிமகனாக (அல்லது மத்திய அரசு அறிவித்த வேறு நாட்டின் குடிமகனாக), 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். அவருடைய முன்வரலாறும் நடத்தையும் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் பயிற்சிக்கு 160 மணி நேரம் சொல்கின்றன: வகுப்பில் 100, களத்தில் 60. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் இது குறைவு. ஏஜென்சியிடம் லைசென்ஸ் நகலோடு, உங்களுக்கு அனுப்பும் ஒவ்வொருவரின் பயிற்சிச் சான்றையும் விசாரணைச் சான்றையும் கேளுங்கள். ‘அதெல்லாம் ஆபீஸில் இருக்கு சார்’ என்று பதில் வந்தால் ஆபீஸுக்கே போய்ப் பாருங்கள்.

விசாரணைச் சான்றைத் தேதியோடும் விலாசத்தோடும் படிக்க வேண்டும். ஓசூர் வாடகை வீட்டு விலாசத்துக்கு மட்டும் வாங்கிய சான்று, அவர் ஓசூருக்கு வந்த பிறகான கதையைத்தான் சொல்லும். சொந்த ஊர்க் காவல் நிலையத்திலிருந்தும் வர வேண்டும், தாமதமாகும், வரட்டும். அதுவரை அவரை வெளிவாசலில் போடுங்கள். சேமிப்பறைப் பக்கம் வேண்டாம். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள், அந்த எண்ணையும் நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் எண் அவருடைய மச்சானுடையதாக இருக்கலாம். ‘திரும்ப வேலைக்குக் கேட்டால் எடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். மறுமுனையில் விழுகிற இடைவெளியே போதும்.

ஏஜென்சி திடீரென்று அனுப்புகிற மாற்று ஆள்தான் எனக்கு எப்போதும் உறுத்தல். ‘ரிலீவர் வருகிறான் சார்’ என்று இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து நிற்பார். உடுப்பு இருக்கும், அதற்குள் இருப்பவர் யாரென்று யாருக்கும் தெரியாது. நான்கு ரிலீவர்களின் படத்தையும் சான்றுகளையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, அந்த நால்வரைத் தவிர யாரும் உள்ளே கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் செக்யூரிட்டிக்கு மட்டும் செய்தால் பாதிக் கதவு திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். வெளிமாநிலத்து ஆள் என்றால் பத்துக் கேள்வி, காப்பாட்சியர் என்றால் காபி என்பது நம் வழக்கம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 2023 ஆகஸ்டில் வெளிவந்த கதையைப் பாருங்கள். ஏறக்குறைய 2,000 சிறு பொருள்கள் காணாமல் போயிருந்தன, திருடப்பட்டிருந்தன அல்லது சேதமாகியிருந்தன. அதையொட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்டவர் காவலர் அல்ல, அங்கேயே பல ஆண்டுகள் இருந்த மூத்த அதிகாரி. போனவற்றில் பெரும்பாலானவை பெட்டிகளில் கிடந்த, முறையாகப் பட்டியலிடாத நகைக்கற்கள் போன்றவை. இணையத்தில் விற்பனைக்கு வந்ததைக் கவனித்து வெளியாள் ஒருவர் 2021லேயே எச்சரித்தும் காதில் வாங்கவில்லை. ஆகவே சாவி வைத்திருப்பவர், பட்டியல் எழுதுபவர், கணக்குப் பார்ப்பவர், தூசி தட்டுபவர் எல்லோருக்கும் ஒரே விசாரணை. வெளியே போகும்போது பை சோதனையும் எல்லோருக்கும். பெண்களுக்குப் பெண் காவலர். முதல் பையாக உங்கள் பையை நீட்டுங்கள். மறுநாளிலிருந்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வேலையை விட்டுப் போகிறவரை நாம் கவனிப்பதே இல்லை. அடையாள அட்டை, உடுப்பு, சாவி, பயோமெட்ரிக் பதிவு, வாட்ஸ்அப் குழு எல்லாமே கடைசி நாளில் திரும்பவோ நீக்கப்படவோ வேண்டும். பெருஜாவும் முன்னாள் வேலைக்காரர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது பொருள்கள். கிருஷ்ணகிரி காந்தி சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கிருக்கும் நடுகற்களை யாரும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போக முடியாது, எடையே காவல். உங்களிடம் இருப்பது அப்படியல்ல. எல்லாவற்றையும் மூன்றாகப் பிரியுங்கள்: உள்ளங்கையில் அடங்குவது, பையில் அடங்குவது, நாலு பேர் தூக்க வேண்டியது. நாணயங்களை வாசலுக்கு அருகே அழகாக வைக்க உங்கள் கட்டடக் கலைஞர் ஆசைப்படுவார். வேண்டாம். சிறியது உள்ளே, பெரியது வாசலில். காட்சிப்பேழை வந்து இறங்கியதும் பூட்டைப் பார்க்காதீர்கள், கீலைப் பாருங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டத்தின் திருகுகள் வெளிப்பக்கம் தெரிந்தால், அந்தப் பூட்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவருக்கு மிஞ்சியதில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் எண், அளவு, எடை, நான்கு பக்கப் படம், உடைவு அல்லது கீறல் எங்கே என்ற குறிப்பு வேண்டும். ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பியதற்குப் பின்னால் இருந்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். படம் இல்லாத சிலை தொலைந்தால், அது உங்களுடையது என்று நிரூபிக்கவே முடியாது. உங்கள் ஐம்பொன் சிலைகள் நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அப்பா செய்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் திறப்பு விழா அழைப்பிதழ் அடிக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வாங்கிய ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மாதம் ஒருமுறை பட்டியலிலிருந்து இருபது பொருள்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கிறவர் பட்டியல் எழுதியவராக இருக்கக்கூடாது. சாவிக்கும் அப்படியே: காட்சிப்பேழைச் சாவி ஒருவரிடம், அறைச் சாவி இன்னொருவரிடம். எந்தச் சாவியும் வீட்டுக்குப் போகக்கூடாது.

மாலையில் மூடும் முறை இதே அளவு முக்கியம். 2024 செப்டம்பரில் போபால் மாநில அருங்காட்சியகத்தில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கி உள்ளே போய் மூடும்போது ஒளிந்துகொண்டார். திங்கள் விடுமுறை. பூட்டிய கட்டடத்துக்குள் நிதானமாகத் தங்க நாணயங்களைச் சேர்த்தார். சுவர் ஏறித் தப்ப முயன்று விழுந்து காயப்பட்டதால்தான் செவ்வாய்க்கிழமை பிடிபட்டார். காவலால் அல்ல, உயரத்தால். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களைப் போல நீங்களும் வெள்ளிக்கிழமை விடுமுறை விடுவதானால், உங்களுக்கு ஆபத்தான நேரம் வியாழன் மாலை. உள்ளே வந்தவர் எண்ணிக்கையும் வெளியே போனவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் பூட்டக்கூடாது. கழிப்பறை, மாடிப்படிக்குக் கீழே, மின்சாரப் பலகை அறை எல்லாவற்றையும் இருவர் சேர்ந்து பார்த்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இனி 32 கேமராவுக்கு வருகிறேன். 2018 செப்டம்பரில் ஹைதராபாத் நிஜாம் அருங்காட்சியகத்தில் கேமரா இருந்தது. வென்டிலேட்டர் வழியே கயிற்றில் இறங்கியவர்கள் அதைத் திருப்பிவிட்டு, வைரம் பதித்த தங்க டிபன் கேரியரைத் தூக்கிப் போனார்கள். பிறகு அவர்களைப் பிடித்தது போலீஸின் உழைப்பு. (ஒருவர் அந்த டிபன் கேரியரில் சாப்பிட்டுப் பார்த்தார் என்று போலீஸ் சொன்னது.) கேமரா நடந்ததைச் சொல்லும், தடுக்காது. 32ஐப் பன்னிரண்டாகக் குறையுங்கள். மிச்சப் பணத்தில் வென்டிலேட்டருக்குக் கம்பி, காட்சிப்பேழைக்கு அதிர்வு அலாரம், இன்னும் மூன்று ஆள், அந்த மூன்று பேருக்கும் எட்டு மணி நேர ஷிப்ட். கேமராப் பதிவுப் பெட்டியைக் காவலர் மேசைக்குக் கீழே வைக்காதீர்கள். போகிறவன் அதையும் எடுத்துப் போவான்.

கடைசியாக எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். 2021 ஜனவரி 22 காலை பாகலூர் சாலையிலிருந்த முத்தூட் நிதி நிறுவனக் கிளையில் புகுந்த ஆயுதக் கும்பல் சுமார் 25 கிலோ தங்கத்தோடு போனது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் அவர்கள் பிடிபட்டது ஹைதராபாத் அருகே. நகைப் பையில் இருந்த ஜிபிஎஸ் கருவியும் மூன்று மாநிலப் போலீஸார் உடனுக்குடன் பேசிக்கொண்டதும் சேர்ந்துதான் பிடித்தன. சிலை அவ்வளவு வேகமாக ஓட வேண்டியதில்லை. பெங்களூரில் ஒரு குடோனில் ஆறு மாதம் கிடந்தாலும் விலை குறையாது. அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்கான தாளை இப்போதே தயார் செய்யுங்கள். ஓசூர் காவல் நிலையம், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி காவல் நிலையம், சென்னையில் உள்ள சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு ஆகியவற்றின் எண்கள், யார் யாருக்குப் பேசுவது, பொருளின் படமும் அடையாளமும் இருக்கும் கோப்பு எந்தப் போனில் இருக்கிறது என்பது வரை. பொருள் காணாமல் போன பேழையை யாரும் தொடக்கூடாது, கைரேகை எடுக்கும் வரை அறையைத் திறக்கக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். தமிழில் ஒரு பிரதி, கன்னடத்தில் ஒரு பிரதி. கன்னடப் பிரதியை உங்கள் ஆலையிலேயே எழுதித்தர ஆள் இருப்பார்.