கூரைப் பசையும் காற்றின் தூய்மையும்

மழைக்காலம் வருமுன் பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றின் மேல்தளங்களைச் செப்பனிடுவது நமது பஞ்சாயத்துகளின் முக்கியக் கடமைகளுள் ஒன்றாகும். வெடிப்புகளை அடைப்பதற்கும், நீர்த்தடுப்பு விரிப்புகளை ஒட்டுவதற்கும் பலவகைப் பசைகளும் சீலண்டுகளும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஒழுகல் நிற்குமா, விலை என்ன என்னும் இரு கேள்விகளையே நாம் சாதாரணமாகக் கேட்கிறோம். பூசிய பின் அப்பொருளிலிருந்து காற்றில் கலப்பது எவ்வளவு என்னும் மூன்றாவது கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும்.

பசையை இளக்கமாக வைத்திருப்பதற்காக அதில் கரைப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. பசை உலரும்போது இவை ஆவியாகி வெளியேறுகின்றன. இவற்றை ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்பர். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி முதலியவற்றை இவை உண்டாக்கக்கூடும். வெளிக்காற்றில் வாகனப் புகையுடனும் வெயிலுடனும் சேர்ந்து ஓசோன் என்னும் தீய வாயு உண்டாகவும் இவை காரணமாகின்றன.

இவ்வாவிகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் தென் கலிபோர்னியக் காற்றுத்தர நிர்வாகம் 1168ஆம் விதியை வகுத்தது. அவ்விதியின் 2005ஆம் ஆண்டு வரம்புகளை ‘லீட்’ என்னும் பசுமைக் கட்டிடத் தரமுறை மேற்கொண்டது. ஒற்றை அடுக்குக் கூரை விரிப்புக்கான பசைக்கு லிட்டருக்கு 250 கிராம். அவ்விரிப்புக்கான சீலண்டுக்கு 450 கிராம். விரிப்பில்லாத கூரைக்கான சீலண்டுக்கு 300 கிராம் என்பன அவ்வரம்புகள். இவை நமது ஊரில் சட்டமல்ல. ஆயினும் பொருளைத் தேர்ந்தெடுக்க நல்ல அளவுகோலாகும். விதி பின்னர் திருத்தப்பட்டிருப்பதால், எந்த ஆண்டின் பட்டியலோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்க்கும் முறை எளிது. முதலில், பொருள் பசையா, சீலண்டா, எவ்வகைக் கூரைக்கு உரியது என்று அறிய வேண்டும். வகை மாறினால் வரம்பும் மாறும். பிறகு, தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கி, லிட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். ‘பசுமை’ என்றும் ‘மணமற்றது’ என்றும் டப்பாவில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பலாகாது.

இங்கு இரண்டு இடங்களில் பிழை நேரலாம். முதலாவது, வரம்பு நீரை நீக்கிய அளவுக்கே உரியது. ஒரு லிட்டர் சீலண்டில் அரை லிட்டர் நீரும் 50 கிராம் ஆவிப்பொருளும் இருப்பின், ஒப்பிட வேண்டிய எண் 50 அன்று, 100 ஆகும். இரண்டாவது, வேலையிடத்தில் தின்னர் கலப்பது. லிட்டருக்கு 250 கிராம் உள்ள 4 லிட்டர் பசையில் ஆவிப்பொருள் 1,000 கிராம். அதில் சுமார் 860 கிராம் எடையுள்ள 1 லிட்டர் தின்னரை ஊற்றினால் மொத்தம் 1,860 கிராம். அதாவது லிட்டருக்கு 372 கிராம். வாங்கும்போது வரம்புக்குள் இருந்த பொருள், மேஸ்திரியின் கையில் வரம்பைக் கடந்துவிடுகிறது!

கூரை வெளியில்தானே உள்ளது என்று சிலர் கேட்கலாம். கூரை ஆவி சன்னல் வழியே வகுப்பறைக்குள் இறங்கும். இது கருதியே 2013இல் வெளியான லீட் நான்காம் பதிப்பு, பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெளிப்புறப் பூச்சுகளிலும் இவ்வரம்புகளை வைத்தது. கூரையில் காய்ச்சிய தார் பூசுவதையும் விலக்கியது.

ஆதலின், விலைப்புள்ளி கோரும்போதே தொழில்நுட்பத் தாளையும் இணைக்குமாறு பஞ்சாயத்து கேட்க வேண்டும். தயாரிப்பாளர் கூறாத தின்னரைச் சேர்க்கலாகாது என எழுத்தில் நிபந்தனை விதிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வேலையை விடுமுறை நாட்களில் தொடங்கி, பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே வகுப்புகளை நடத்த வேண்டும். வரம்புக்குள் இருப்பது ஒழுகலைத் தடுக்கும் என்பதற்கு உறுதியன்று. பொருளின் உழைப்பையும் தனியே ஆராய்தல் அவசியம். மழைநீர் உள்ளே வராமல் காக்கும் கூரை, நச்சுக் காற்றையும் உள்ளே விடாதிருத்தல் வேண்டும். நம் பிள்ளைகள் அதன் கீழ் அமர்ந்தே படிக்கின்றனர்.