ஸ்பானரைக் கொடுங்கள், ஜாப் கார்டைக் கொடுக்காதீர்கள்

உங்கள் மேஜைக்கு ஒரு கோப்பு வந்திருக்கும். மேலட்டையில் ‘வாகனப் பராமரிப்புப் பணிகளை வெளிமுகமை மூலம் மேற்கொள்ளுதல் – தொடர்பாக’. உள்ளே மேலதிகாரியின் பச்சை மையில் ஒரே சொல்: ‘பேசுக’.

பேசப் போகுமுன் ஒர்க்‌ஷாப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். மூலையில் ஒரு குப்பை கம்பாக்டர் லாரி மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். அதன் ஹைட்ராலிக் ஹோஸ் அடுத்த லாரிக்குப் போயிருக்கும், பேட்டரி ஏதோ ஒரு ஜீப்புக்கு. மெக்கானிக் பணியிடங்களில் பாதி காலி. இருப்பவர்கள் பழைய டீசல் இன்ஜினைக் காதால் கேட்டே நோய் சொல்பவர்கள். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியில் பாதி நோய் சென்சாரில் இருக்கிறது. ஸ்கேனரைச் செருகாமல் அது வாய் திறக்காது. ஆகவே வேலையை வெளியே கொடுப்பது சோம்பேறித்தனம் அல்ல. எதைக் கொடுக்கிறோம், எதைக் கையில் வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. மாநகராட்சி, பொதுத்துறை நிறுவனம், அரசுப் போக்குவரத்துக் கழகம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அப்படியிருந்தும் டெண்டர் பட்டியலில் அந்த வண்டிகள் எண்ணிக்கைக்காக உட்கார்ந்திருக்கும். கழித்துவிடுங்கள். வாரண்டியில் இருக்கும் புது வண்டிகளையும் தனியே எடுத்துவையுங்கள். வேறு ஒர்க்‌ஷாப்பில் கை வைத்தால் வாரண்டி கேள்விக்குள்ளாகும். மிச்சம் இருப்பதுதான் உங்கள் உண்மையான எண்ணிக்கை. அதில் எத்தனை வண்டிக்குக் கிலோமீட்டர் மீட்டர் ஓடுகிறது என்றும் பாருங்கள். மீட்டர் செத்த வண்டியின் லாக் புக்கில் தினமும் ஒரே தூரம் எழுதியிருப்பார்கள். அதை நம்பி ‘இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ்’ என்று ஒப்பந்தம் போட்டால், ஒப்பந்ததாரருக்கு எப்போது வேண்டுமோ அப்போது சர்வீஸ் நடக்கும்.

எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

வேலைக்கு வேலை பணம் என்றால், தேவையில்லாத வேலையும் நடக்கும். கிளட்ச் பார்க்கப் போன வண்டி ரேடியேட்டரையும் மாற்றிக்கொண்டு வரும். வண்டிக்கு மாதம் இவ்வளவு என்றால், தேவையான வேலையும் நடக்காது. ஒப்பந்ததாரர் தள்ளிப்போடும் ஒவ்வொரு ரிப்பேரும் அவருக்கு லாபம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது புது வண்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய மின்சாரப் பேருந்துகள் அந்த வழியில்தான் ஓடுகின்றன: பேருந்தும் பராமரிப்பும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்துடையவை, நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர், பணம் ஓடிய தூரத்துக்கு. ஓடாத பேருந்துக்கு வருமானம் இல்லை என்பதால் அதை ஓடவைக்கும் கவலை அவர்களுடையது. ஆனால் பல வயதில், பல கம்பெனியில், ஜீப்பும் லாரியும் ஜே.சி.பி.யுமாகக் கலந்து கிடக்கும் உங்கள் கூட்டத்துக்கு அதை அப்படியே மாட்ட முடியாது. வழக்கமான சர்வீஸுக்கு வண்டிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, பெரிய ரிப்பேருக்கு விலைப்பட்டியல்படி தனித்தொகை என்று பிரிப்பதே என் அனுபவத்தில் சண்டை குறைவான வழி.

அந்த விலைப்பட்டியலில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழாத அலுவலகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கணக்குப் போடுவோம். மூன்று வேலைகளுக்குக் கூலி கேட்கிறீர்கள்: ஆயில் மாற்றுதல், கிளட்ச் வேலை, கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றுதல். முதல் நிறுவனம் 900, 2,500, 5,000 ரூபாய் என்கிறது. இரண்டாவது 400, 2,800, 9,000. வெறுமனே கூட்டினால் முதல் நிறுவனம் 8,400, இரண்டாவது 12,200. முதலாமவர் எல்1, மாலை போட்டாயிற்று. இப்போது போன வருஷ ஜாப் கார்டுகளை எடுங்கள். ஆயில் 400 முறை, கிளட்ச் 30 முறை, கியர் பாக்ஸ் 2 முறை என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்துக்கு வருஷத்தில் 4,45,000 ரூபாய் கொடுப்பீர்கள். இரண்டாமவருக்கு 2,62,000 போதும். குறைந்த விலைக்காரர் என்று நீங்கள் கையெழுத்திட்டவர்தான் அதிக விலைக்காரர்.

விலையை ஒப்பிடும்போது எண்ணிக்கையால் பெருக்கித்தான் ஒப்பிடுவோம் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் பழைய ஜாப் கார்டுகளில் மட்டுமே கிடைக்கும். அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்ட அலுவலகத்துக்கு ஒப்பந்ததாரர் சொல்வதே கணக்கு.

தரத்துக்கும் மதிப்பெண் தர வழி உண்டா என்று கேட்பார்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் உண்டு. 2021 அக்டோபரில் நிதியமைச்சகம் வெளியிட்ட கொள்முதல் அறிவுறுத்தல்படி, உரிய அனுமதி பெற்று, விலை அல்லாதவற்றுக்கு அதிகபட்சம் 30 சதவீதம் வரை எடை தரலாம். மாநில அமைப்புகள் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-க்குள் நிற்க வேண்டும். அங்கே தொழில்நுட்ப உறையில்தான் கடுமை காட்ட முடியும்: எத்தனை லிஃப்ட், எந்த ஸ்கேனர், இரவில் ஆள் உண்டா, பழுதான வண்டியை இழுத்துவரத் தனி வண்டி உண்டா. காகிதத்தில் டிக் அடித்ததோடு விடாமல் நேரில் போய்ப் பாருங்கள். சொல்லாமல் போங்கள்.

மாலை ஐந்தரை மணி வண்டி

வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும், எப்போது நிற்கும் என்று எழுதுபவர்கள் குறைவு. நடப்பது இதுதான்: கெடு முடியும் நாளில் மாலை ஐந்தரைக்கு வண்டி திரும்பி வரும். வாட்ச்மேன் கேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குவார். மறுநாள் காலை அதே வண்டி அதே கோளாறோடு மறுபடி போகும், புதுக் கணக்கில். இதற்கு மருந்து ஒரே வரி: ‘அதே பழுது 15 நாளுக்குள் திரும்பினால், முதல் புகார் தேதியிலிருந்தே நாள் கணக்கிடப்படும், இரண்டாம் முறைக்குக் கூலி இல்லை.’ இந்த வரியை ஒப்பந்ததாரர் பேரம் பேசி நீக்கப் பார்த்தால், அது வேலை செய்யும் வரி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஜாப் கார்டுக்கு வருகிறேன். அதன் முதல் பத்தியை உங்கள் ஆள்தான் எழுத வேண்டும், அதுவும் ஓட்டுநர் சொன்ன சொல்லிலேயே. ‘பிரேக் பிடிச்சா இடது பக்கம் இழுக்குது’ என்பது ஒரு தகவல். ‘பிரேக் பழுது’ என்பது வெற்றுக் காசோலை. எஸ்டிமேட்டுக்கு அனுமதி கொடுப்பதும், வேலை முடிந்தபின் ஓட்டுநரை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதும் உங்கள் ஆள்தான். மீதி எல்லாவற்றையும் அவர்களே செய்யட்டும்.

கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது என்பதை நான் கற்றது ஓர் உள்ளாட்சி அமைப்பில். ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய பாகங்கள் சாக்கில் வரும், எண்ணி ஸ்டோரில் போடுவோம். ஒரு சனிக்கிழமை எங்கள் ஃபோர்மேன் ஒரு கிளட்ச் பிளேட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இவர் போன மாசமும் வந்தாரே” என்றார். விளிம்பில் பிறை மாதிரி ஒரு விரிசல். அதே விரிசலோடு அவர் மூன்று லாரிகளுக்குச் சேவை செய்திருந்தார். எங்கள் ஸ்டோரிலிருந்தே வெளியே போய்த் திரும்பி வந்திருக்கிறார் என்பதுதான் கூடுதல் அவமானம். அன்று முதல் வரும் பாகத்தில் உளியால் ஒரு வெட்டு, பெயின்ட்டில் வண்டி எண், பூட்டின அறை. புதுப் பாகத்துக்கு டீலர் பில்லும் அட்டைப் பெட்டியும் இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்றும் வைத்தோம்.

பில் பாஸ் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு, கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யில் 2 சதவீதப் பிடித்தம், வருமான வரிப் பிடித்தம் தனி. ஒப்பந்ததாரர் உங்கள் வளாகத்தில் ஆள் வைத்தால் அவர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீது ஒவ்வொரு பில்லோடும் வரட்டும். அவர் கட்டாவிட்டால் பொறுப்பு உங்கள் நிறுவனத்தின் தலையில். பழைய பேட்டரியும் கழிவு ஆயிலும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். அவை பணம் பெறும் பொருள்கள். யாருக்கு அந்தப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஆடிட்டில் ஒரு பத்தி நிச்சயம்.

கைவிட்டால் என்ன செய்வீர்கள்?

லண்டன் தீயணைப்புத் துறை 2001-ல் தன் தீயணைப்பு வண்டிகளையும் கருவிகளையும் 20 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் ஒப்படைத்தது. பராமரிப்பு மட்டுமல்ல, வண்டியே அவர்களுடையது. ஒப்பந்தத்தை வைத்திருந்த அசெட்கோ குழுமம் 2011-ல் கடனில் தள்ளாடியது. 2012-ல் அதன் லண்டன் நிறுவனம் கைமாறிய விலை 2 பவுண்டு. ஒரு மாநகரமே நம்பியிருந்த தீயணைப்பு வண்டிகளைப் பராமரிக்கும் நிறுவனம், ஒரு டீ விலைக்கு! 2014-ல் பாப்காக் நிறுவனம் 21 ஆண்டு ஒப்பந்தத்தோடு உள்ளே வந்தது.

உங்கள் ஒப்பந்ததாரர் அவ்வளவு பெரியவர் இல்லை. ஆகவே இன்னும் எளிதாகக் காணாமல் போகலாம். வண்டியின் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஒர்க்‌ஷாப் இடத்தை நீண்ட குத்தகைக்குக் கொடுக்காதீர்கள். எல்1 கைவிட்டால் அதே விலையில் வேலை எடுக்க இன்னொருவரையும் பட்டியலில் சேர்க்க விதி இடம் தருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வண்டியின் வரலாறும் மாதாமாதம் உங்கள் கணினிக்கு எக்செல் கோப்பாக வர வேண்டும். ‘எங்கள் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்பார்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் அந்த ஆப்பின் கடவுச்சொல்லும் முடிந்துவிடும்.

மேலதிகாரியிடம் போகும்போது இன்னொன்றையும் குறித்துக்கொண்டு போங்கள்: உங்கள் ஃபோர்மேன் ஓய்வு பெறும் தேதி. ஒப்பந்தம் முடியும் தேதிக்கு முன்னால் அது வருகிறதென்றால், அவர் பக்கத்தில் இப்போதே ஓர் இளைஞரை நிறுத்த அனுமதி கேளுங்கள். அந்தக் கிளட்ச் பிளேட்டை அடையாளம் கண்டது எங்கள் ஃபோர்மேன்தான், எங்கள் கம்ப்யூட்டர் அல்ல.