நீர்நாய்க்கு ஒரு வளர்ப்புத் தாய்

நாக்பூர் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்த காலம். எனக்குப் பத்து வயதிருக்கும். கூட்டிலிருந்து விழுந்த அணிற்பிள்ளை ஒன்றை எடுத்து வளர்த்தேன். பஞ்சுத் திரியால் பால் புகட்டினேன்; சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வளர்ந்ததும் வேப்பமரத்தில் கொண்டு விட்டேன். மூன்றாம் நாள் பூனை கவ்விச் சென்றது. அணில் ஓடக்கூட முயலவில்லை! அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து அம்மா, "பாலைக் கொடுத்தாயேடா, பயத்தைச் சொல்லிக் கொடுத்தாயா?" என்றார்.

அச்சொல்லின் பொருள் விலங்கியல் மாணவனான பிறகே எனக்கு விளங்கிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலுள்ள மான்டெரே வளைகுடாக் கடலுயிர்க் காட்சிச்சாலை இதே பாடத்தைப் பல ஆண்டு ஆராய்ச்சியால் கற்றிருக்கிறது. அதனை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிரே உயிர்

நீர்நாய் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் புலவர்கள் அதைப் பாடியிருக்கின்றனர். காவிரியில் இன்றும் அது உண்டு. அதன் உறவினமே வட பசிபிக் கரையோரம் வாழும் கடல் நீர்நாய். திமிங்கிலத்திற்குத் தோலின் கீழ்த் தடித்த கொழுப்பு உண்டு. கடல் நீர்நாய்க்கு அது இல்லை. குளிரைத் தடுப்பது மயிர்தான். ஒரு சதுர அங்குலத்தில் 10 லட்சம் வரை மயிர்கள்! அவற்றினிடையே தங்கும் காற்றே அதன் போர்வை. உடற்சூட்டைக் காக்க, தன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இரையை நாள்தோறும் உண்ண வேண்டும்.

அம்மயிரே அதற்குக் கூற்றுவனாகவும் ஆயிற்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் தோல் வணிகர் அதனை வேட்டையாடித் தீர்த்தனர். 1911-இல் பன்னாட்டு உடன்படிக்கை பிறந்தது. கலிபோர்னியாவில் இவ்வினம் அற்றுப்போயிற்று என்றே பலர் எண்ணியிருக்க, 1938-இல் பிக் சர் கரையருகே ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. அச்சிறு கூட்டத்திலிருந்து மீண்ட இனத்தில் ஒவ்வொரு குட்டியும் அருஞ்செல்வம் அன்றோ?

அன்பு செய்த பிழை

காட்சிச்சாலை 1984-இல் திறக்கப்பட்டது. தாயைப் பிரிந்து கரை ஒதுங்கும் குட்டிகளை அங்குள்ளோர் எடுத்து வளர்த்தனர். குட்டி சுமார் 6 மாதம் தாயை அண்டியிருக்கும். மூழ்குதல், நண்டு பிடித்தல், சிப்பியைக் கல்லில் மோதி உடைத்தல், மயிரைக் கோதுதல் எல்லாம் தாய் கற்பிக்கும் கல்வி. பணியாளர் தாமே தாயாயினர். புட்டியில் பால் ஊட்டினர். கடலில் உடன் நீந்தினர்.

குட்டிகள் பிழைத்தன. ஆனால் மனிதரையே உறவென்று கொண்டன. கடலில் விடப்பட்ட பின்பும் மனிதரை நாடி வந்தன. என் அணிலின் கதைதான்!

டூலா காட்டிய வழி

2001-இல் டூலா என்னும் பெண் நீர்நாய் கரை ஒதுங்கிற்று. ஒட்டுண்ணி நோய் அதன் மூளையைத் தாக்கியிருந்ததால் மீண்டும் கடலில் விட வழியில்லை. அது ஈன்ற குட்டியோ இறந்தே பிறந்தது. அச்சமயம் தாயற்ற குட்டி ஒன்று வந்து சேர, டூலாவிடம் விட்டுப் பார்த்தனர். டூலா அதைத் தன் குட்டியாகவே ஏற்றுக்கொண்டது! 2012-இல் இறக்கும் வரை 13 குட்டிகளுக்கு அது தாயாயிற்று.

இன்று அங்கே இதுவே முறை. குட்டிக்குப் பால் புகட்டுவோர் கரிய அங்கி போர்த்து, இரும்பைப் பற்றவைப்போர் அணிவது போன்ற முகமூடியால் முகத்தை மறைத்துக்கொள்கின்றனர். சில வாரங்களில் குட்டி வளர்ப்புத் தாயிடம் போய்விடும்.

பயன் என்ன? 2002 முதல் 2016 வரை இவ்வாறு வளர்ந்த 37 குட்டிகள் எல்க்ஹார்ன் ஸ்லூ என்னும் உப்பங்கழியில் விடப்பட்டன. அவை காட்டுக் குட்டிகளுக்கு நிகராகப் பிழைத்தன என்றும், அங்கே இனம் பெருகியதில் பாதிக்கு மேல் அவற்றாலும் அவற்றின் வழித்தோன்றல்களாலும் ஆனது என்றும் 2019-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நீர்நாய்கள் நண்டுகளை உண்டு குறைக்க, அக்கழியின் கடற்புல்லும் தழைத்தது.

நண்பர்களே, வளர்ப்பும் ஓர் ஆராய்ச்சியே. தவற்றைக் குறித்து வைப்பதும், முறையை மாற்றுவதும், விட்ட உயிர் என்னவாயிற்று என்று தேடிச் சென்று காண்பதும் அதன் படிகள். அதற்குத் தன் முகத்தை மறைத்துக்கொள்ளும் அன்பும் வேண்டும். என் அணிலுக்கு நான் தரத் தவறியது அதுவே.