‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’: திருமதி பெனட்டின் அவசரம்

மாணவர்களே, ஜேன் ஒஸ்டினின் இந்நாவலில் (1813) ‘எஸ்டேட்’ என்ற சொல்லைக் கண்டதும் பசறை, ஹப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களை நினைத்துவிடாதீர்கள். அங்கே அது குடும்பத்துக்கு வருமானம் தரும் பரம்பரை நிலம். லோங்போர்ன் நிலம் ஆண் வாரிசுக்கே உரியது. பெனட்டுக்கோ ஐந்தும் பெண்கள். அவர் இறந்தால் வீடும் உறவினர் கொலின்ஸுக்குப் போய்விடும்.

வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்ற பயத்தை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருமதி பெனட்டின் பயமும் அத்தகையதே (அவர் வசதியான பெண்மணி என்பது வேறு விடயம்). அவரை முட்டாள் என்று மட்டும் எழுதினால் விடை அரைகுறையாகும்.

கொலின்ஸ் பெண் கேட்டபோது எலிசபெத் சம்மதித்திருந்தால் வீடு தங்கியிருக்கும். அவள் மறுக்கிறாள், 27 வயதுத் தோழி ஷார்லட் அவரையே ஏற்கிறாள். இருவரையும் ஒப்பிடும்போது, எலிசபெத் எதை இழக்கத் துணிந்தாள் என்பதையும் குறிப்பிடுங்கள்.