எதிரொலிப் பாடத்தில் ஒரு படகுக் கேள்வி

ஒன்பதாம் வகுப்பில் ‘ஒலி’ பாடம் நடத்தும்போது, ஆழம் காணும் கணக்கோடு நான் நிறுத்துவதில்லை. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர். எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால், போய்வந்த தூரம் 60 மீட்டர். ஆழம் 30 மீட்டர். இதை முடித்ததும் கேட்பேன்: “சிறு படகின் அடியில் துளையிட்டு, ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் பொருத்த வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?”

குழுக்களுக்கு நான்கு வினாக்கள்:

1. நீர் எவ்வளவு ஆழம்? 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழம் குறைந்த நீரில் நுட்பமாகக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நீர் குறைவாகவே உட்கவர்வதால் அது அதிக ஆழம் செல்லும்.

2. படகு எதனால் ஆனது? மரம் நீரில் ஊறிப் பருத்தால் பிளாஸ்டிக் உறை விரிசல் விடலாம். அங்கு வெண்கலம் ஏற்றது. அலுமினியப் படகிலோ வெண்கலம் உப்புநீரில் அரிமானத்தை உண்டாக்கும். அங்கு பிளாஸ்டிக் நல்லது. கண்ணாடியிழைப் படகுக்கு இரண்டும் பொருந்தும்.

3. அடிப்பகுதி சாய்வானதா? ஒலிக்கற்றை செங்குத்தாக இறங்கும்படி, அந்தச் சாய்வை ஈடுசெய்யும் அமைப்பு வேண்டும்.

4. எங்கே பொருத்துவது? காற்றுக்குமிழ்கள் ஒலியைத் தடுக்கும். எனவே விசிறிக்கு முன்னால், குமிழ் சேராத இடத்தில்.

உறை விரிசல் விட்டால் துளை வழியே படகுக்குள் நீர் புகும். ஆழம் தவறினால் படகு தரைதட்டும். ஆகவே விடையைவிடக் காரணத்திற்கே அதிக மதிப்பெண் தருகிறேன். கடலோரப் பள்ளி ஆசிரியர்கள், மாணவர்களின் விடைகளைப் படகு கட்டுபவரிடம் காட்டி விவாதிக்கச் செய்யலாம். சூத்திரம் எதற்கு என்ற கேள்வி பிறகு எழாது.